முன்னால் நின்ற பஸ்ஸின் விசில்

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, யார் கையும் படாமல், மவுஸ் அம்பு திரையில் நகரத் தொடங்கியது. பழைய சாஃப்ட்வேரின் நீலத் திரைக்குப் போனது. எண் 1 என்று தட்டியது. பெயர், வயது, எந்தக் கண், ஆபரேஷன் தேதி என்று ஒவ்வொன்றாக நகலெடுத்தது. பக்கத்தில் திறந்திருந்த புதிய சாஃப்ட்வேரின் வெள்ளைப் படிவத்தில் கொண்டுபோய் ஒட்டியது. 'சேமி' பொத்தானை அழுத்திவிட்டு நின்றது. படிவத்தின் தலைக்கு மேல் ஒரு பச்சைப் பட்டை விழுந்தது: 'பதிவு எண் 1 சேர்க்கப்பட்டது.' அதைப் பார்த்த பிறகுதான் அம்பு அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பியது.

அவள் மடியிலிருந்த நோட்டைத் திறந்து '9.40, தொடக்கம்' என்று எழுதினாள். எழுதிய பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கைபேசியையும் பார்த்து, இரண்டும் ஒரே நேரம்தான் காட்டுகின்றன என்று உறுதி செய்துகொண்டாள். அந்தக் கண் மருத்துவமனையின் பதிவு அறையில் அவளுக்கு 'ரெண்டுதடவை' என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கிய பிறகு திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் அவள்.

"என்ன, உன் சமத்து எழுந்துருச்சா?" என்று எதிர் மேசையிலிருந்து மின்னல் கேட்டாள். மின்னலும் அவளைப் போல ஒரு பதிவு எழுத்தர்தான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் கட்டடத்திலேயே மின்னலின் விரலுக்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது; அதனால்தான் அந்தப் பெயர்.

"எழுந்துருச்சு. ரெண்டாவது ஆள் ஓடுது."

"ஓடட்டும், ஓடட்டும். மதியத்துக்குள்ள தூங்கிடும். அப்புறம் என்கிட்டத்தான் வருவீங்க."

சமத்து என்பது, ஆறு வாரமாக மாலை வகுப்பில் அவள் கட்டிக்கொண்டிருந்த ரோபோ. ரோபோ என்றதும் கை, கால், கண்ணாடி முகம் என்று கற்பனை செய்ய வேண்டாம். எழுத்தர் ஒருத்தி திரையில் செய்கிற வேலையை அதே வரிசையில், அலுக்காமல் செய்கிற ஒரு புரோகிராம், அவ்வளவுதான். வகுப்புப் பயிற்சிக்காகப் பத்துப் பொய்ப் பெயர்களை வைத்துச் செய்து பார்த்தது. அது நிஜமான வேலைக்கு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

வரவழைத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த ஒரு போன். புதிய சாஃப்ட்வேரைச் சனிக்கிழமை நான்கு மணிக்குப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். அந்த நேரத்தில் காலியாகத் தெரிகிற ஆபரேஷன் தேதி எதுவாக இருந்தாலும், யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கண்புரை ஆபரேஷனுக்கு ஏற்கெனவே தேதி வாங்கிக் காத்திருக்கிற அறுநூற்று நாற்பது பேரின் பட்டியலை யாரும் புதியதற்கு மாற்றியிருக்கவில்லை. அது தங்கள் வேலையில்லை என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நான்கு மணிக்குள் ஏறாதவரின் தேதி இன்னொருவருக்குப் போய்விடும். அவர் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். வரிசை எட்டு மாத நீளம்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "சார், நான் வேணா..." என்று அவள் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள், "ஆகட்டும்மா, ஆகட்டும்" என்றுவிட்டார் அவர். எதைக் கேட்டாலும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். அன்று அது அவளுக்குக் கிணற்றில் பிடித்துத் தள்ளியது போல இருந்தது.

பட்டியலில் ஐநூற்று ஐம்பத்தொன்பதாவது ஆள் அவளுடைய தாய்மாமன்.

மாமா பஸ் டிரைவர். இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். வலது கண்ணில் புரை விழுந்ததும் வண்டியைத் தரமாட்டோம் என்று சொல்லி டிப்போ வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். போகிற வருகிற பஸ்களின் எண்ணைப் பேரேட்டில் குறிப்பது இப்போது அவர் வேலை. வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆபரேஷன். முடிந்து ஒரு மாதத்தில் மறுபடி வண்டி தருவதாக டிப்போவில் சொல்லியிருந்தார்கள். எட்டு மாதம் தள்ளிப்போனால் தரமாட்டார்கள், அதையும் சொல்லியிருந்தார்கள்.

பத்தரைக்கு மாமாவிடமிருந்து முதல் போன் வந்தது.

"மருமகளே, என் வண்டி கிளம்பிருச்சா?"

"மாமா, இப்ப நூத்தி இருபதாவது ஆள் ஓடுது. நீங்க ஐநூத்தி அம்பத்தொம்போது."

"எப்பவும் எனக்குக் கடைசி சீட்டுதான். சரி, ஏறுனதும் எனக்கு எப்படித் தெரியும்?"

"பதிவானதும் புது சாஃப்ட்வேரே உங்க போனுக்கு மெசேஜ் அனுப்பிடும்."

"அப்ப போனைக் கையிலயே வச்சிருக்கேன்" என்றார் மாமா. கேட்டை ஒரு கையால் திறந்துகொண்டே பேசினார் போலிருக்கிறது. பின்னால் ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது.

சமத்து அழகாக ஓடியது. ஓர் ஆளுக்கு இருபத்துநான்கு விநாடி. இருபது பேருக்கு எட்டு நிமிடம். இருபது பேருக்கு ஒரு தரம் அவள் நோட்டில் நேரத்தைக் குறித்தாள். பச்சைப் பட்டை விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். பட்டை வரும்வரை அம்பு காத்திருப்பதைப் பார்க்கத்தான் அவளுக்கு அதிகம் பிடித்தது. அந்தக் காத்திருப்பைச் சொல்லிக்கொடுக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முதலில் 'சேமி'யை அழுத்திவிட்டு மூன்று விநாடி நில் என்றுதான் எழுதியிருந்தாள். நெட் கொஞ்சம் மந்தமானால் போதும், பதிவு முடிவதற்குள் சமத்து அடுத்த ஆளிடம் ஓடிப்போய் நிற்கும். "மணி பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லாத. எதுக்காக நிக்குதோ, அது வந்துச்சான்னு பாக்கச் சொல்லு" என்று மாலை வகுப்பில் சொன்னார்கள். சரியென்று, 'பதிவு எண் 1 சேர்க்கப்பட்டது' என்ற பட்டை வரும்வரை நில் என்று மாற்றினாள். முதல் ஆள் ஏறியது. இரண்டாவது ஆளுக்கும் சமத்து, 1 என்று எழுதிய பட்டைக்காகவே காத்துக்கொண்டு நின்றது, அசையவே இல்லை. அதற்கும் வழி சொன்னார்கள்: மாறுகிற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் அங்கே எந்த எண் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். 'பதிவு எண் * சேர்க்கப்பட்டது.' அன்றைக்குப் பத்துப் பேரும் மளமளவென்று ஏறியதைப் பார்த்துவிட்டு, அவள் வகுப்பிலிருந்து வீடுவரை கிட்டத்தட்ட ஓடியே போனாள்.

பன்னிரண்டேகாலுக்கு மின்னல் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "எல்லா மாடியிலயும் புது சாஃப்ட்வேர் டிரெயினிங் ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே நேரத்துல இருநூறு பேர் உள்ள நுழைஞ்சிருக்காங்க. இனி உன் சமத்து நொண்டி அடிக்கும் பாரு."

சமத்து நொண்டவில்லை. முன்னைவிட வேகமாக ஓடியது. பட்டை, அடுத்த ஆள், பட்டை, அடுத்த ஆள். மின்னலே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒன்று பதிமூன்றுக்கு '640 முடிந்தது' என்று சமத்து ஒரு சிறிய பெட்டியைக் காட்டிவிட்டு நின்றது.

மேனேஜர் இரண்டு கையையும் கூப்பினார். அவளைப் பார்த்தா, கம்ப்யூட்டரைப் பார்த்தா என்று தெரியவில்லை. "ஏம்மா, பதினாறு மணி நேர வேலை. டீ நான் வாங்கித் தரேன். பிஸ்கட்டும்."

"சார் பிஸ்கட் வாங்கித் தந்து நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள் மின்னல். "தேதி போட்டு வச்சுக்கடி உன் நோட்டுல."

அவளும் சிரித்தாள். காது வரை சூடாக இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஆனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஒன்றே முக்காலுக்கு மாமா கூப்பிட்டார். "மருமகளே, மெசேஜ் ஒண்ணும் வரலையே."

"ஏறிடுச்சு மாமா. இங்க ரோபோவோட கணக்குல உங்க எண்ணுக்கு நேரா டிக் விழுந்திருக்கு. இன்னைக்கு நெட் மந்தம். மெசேஜ் லேட்டாத்தான் வரும்."

"அப்ப டிப்போ மேனேஜர்கிட்டச் சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்க மாமா" என்றாள், யோசிக்காமல்.

போனை வைத்த பிறகுதான் தான் சொன்ன வார்த்தை அவள் காதில் விழுந்தது. நெட் மந்தம். நெட் மந்தமென்றால் சமத்து எப்படி வேகமாக ஓடியது?

டப்பாவை மூடிவிட்டு நோட்டை எடுத்தாள். காலையில் வரிசையாக எட்டு நிமிடம், எட்டு நிமிடம், எட்டு நிமிடம். பன்னிரண்டேகாலுக்குப் பிறகு நாலேமுக்கால், நாலரை, நாலேமுக்கால். அவள் கையெழுத்துத்தான். எழுதும்போது சந்தோஷத்தில் பக்கத்தில் ஒரு கோடு வேறு இழுத்திருந்தாள். நெரிசலான தெருவில் ஒரு வண்டி மட்டும் முன்னைவிட வேகமாகப் போகிறதென்றால், அது வழியில் யாரையோ ஏற்றாமல் போகிறது.

தன்மேல்தான் அவளுக்கு எப்போதும் சந்தேகம். அந்தச் சந்தேகம் இன்று காலை முழுக்க எங்கே போயிருந்தது என்று எரிச்சலாக வந்தது. புதிய சாஃப்ட்வேரில் பட்டியலைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்று மொத்த எண்ணிக்கை தெரிய, இரண்டு பத்து ஆகிவிட்டது.

571.

பக்கத்தை மூடித் திரும்பத் திறந்தாள். 571.

"மின்னல்" என்றாள்.   "அறுபத்தொம்போது பேர் ஏறலை."

மின்னல் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்வதை நிறுத்தினாள். "விளையாடாத."

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"நீ ரெண்டு தடவை பாத்தா அது சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள் மின்னல். அதற்கு மேல் கேலி எதுவும் செய்யவில்லை.

மேனேஜரின் முகம் வெளுத்தது. "மறுபடி முழுசா ஓட்டும்மா."

"சார், ஏற்கெனவே ஏறினதைத் திரும்பப் போட்டா ஏத்துக்காது, சிவப்புப் பட்டை காட்டி நிறுத்திடும். நேரமும் பத்தாது. முதல்ல யார் யார் விட்டுப்போச்சுன்னு கண்டுபிடிக்கணும்."

பட்டியல் பக்கத்துக்கு இருபது பெயராகத்தான் காட்டும். ஒரு பக்கம் திறக்க ஒன்றரை நிமிடம். இருபத்தொன்பது பக்கத்தையும் திறந்துகொண்டிருந்தால் மணி மூன்றாகிவிடும். அவள் நேராகப் பத்தொன்பதாம் பக்கத்துக்குப் போனாள். கடைசி வரி முந்நூற்று எண்பதாவது வரி. அதில் இருந்த எண்ணும் 380தான். அப்படியென்றால் அதுவரை ஓர் ஆளும் தவறவில்லை. பறிகொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகு. மீதிப் பத்துப் பக்கங்களை அவள் சத்தமாகப் படிக்க, அச்செடுத்த பட்டியலில் மின்னல் பென்சிலால் டிக் போட்டாள்.

"ஐநூத்தி அம்பத்தேழு. ஐநூத்தி அம்பத்தெட்டு. ஐநூத்தி அறுபது."

மின்னலின் பென்சில் நின்றது. "உங்க மாமா."

"தெரியுது. அடுத்தது ஐநூத்தி அறுபத்தொண்ணு."

இரண்டு நாற்பதுக்கு அறுபத்தொன்பது எண்கள் ஒரு தாளில் வரிசையாக நின்றன. ஏன் விட்டுப்போயின என்பதுதான் இன்னும் தெரியவில்லை. காரணம் தெரியாமல் சமத்தை மறுபடி ஓட விட்டால், இதில் இன்னும் எத்தனை பேரை வழியில் விட்டுவிட்டுப் போகுமோ.

"நீ யோசிச்சுக்கிட்டு இரு. நான் ஒண்ணைக் கையால போட்டுப் பாக்கறேன்" என்று மின்னல் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். கடைசி எண்ணாக 638. அது ஏறியது. அடுத்து 631. படிவம் நிரம்பியது, 'சேமி'யைத் தட்டினாள், விரலை எடுத்தாள். "இந்த மந்தத்தைப் பாரேன். அழுத்தி நாலு விநாடியாச்சு, இன்னும் 638-ஓட பட்டைதான் மேல நிக்குது. அது போயி, என்னோடது வந்து..."

அவள் எட்டி மின்னலின் திரையைப் பார்த்தாள். பச்சைப் பட்டை. 'பதிவு எண் 638 சேர்க்கப்பட்டது.' நான்கு, ஐந்து, ஆறு விநாடி. பட்டை மறைந்தது. வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு புதுப் பட்டை: 'பதிவு எண் 631 சேர்க்கப்பட்டது.'

அவளுக்குள் ஒரு விசில் ஊதியது.

அவர்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் எடுத்துவிடுகிற கதை அது. மாமா வேலைக்குச் சேர்ந்த புதிது. ஸ்டாப்பில் இவர் பஸ்ஸுக்கு முன்னால் இன்னொரு பஸ். முன் பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். மாமா தன் கண்டக்டர்தான் ஊதினார் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். அவருடைய கண்டக்டர் கீழே நின்று யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று ஸ்டாப் வரை கண்டக்டர் இல்லாமலே பஸ் போனது. டிக்கெட் எடுக்காத சந்தோஷத்தில் ஓர் ஆளும் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் ஒரு சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்து வண்டியைப் பிடித்தார். விசில் கேட்டது உண்மை. வண்டியை எடுத்ததும் முறைதான். ஒரே ஒரு கேள்வியைத்தான் மாமா கேட்கவில்லை: யாருடைய விசில்?

"நட்சத்திரம்" என்றாள் அவள்.

"என்னது?"

"எந்த எண் இருந்தாலும் பரவால்லைன்னு நட்சத்திரம் போட்டு வச்சிருந்தேன். காலையில நெட் வேகம். அழுத்தினதுமே பழைய பட்டை போயிடும், அதனால தப்பிச்சோம். மதியம் பழசு அப்படியே நிக்குது. சமத்து அழுத்துது, நிமிர்ந்து பாக்குது, பச்சை இருக்கு, சரின்னு அடுத்த படிவத்தைத் திறந்துடுது. பச்சை முந்தின ஆளோடது. சில பேருடையது எப்படியோ ஏறிடுச்சு. சில பேருடையது கிளம்பறதுக்குள்ளயே படிவம் மாறிப்போச்சு. அதான் அவ்வளவு வேகம்."

மேனேஜருக்குப் புரிந்ததோ இல்லையோ, "ஆகட்டும், ஆகட்டும், மாத்து" என்றார்.

மாற்ற வேண்டியது ஓர் எழுத்து. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்த ஆள் ஏறுகிறாரோ அவருடைய எண்ணையே சமத்து எடுத்துவைத்துக்கொள்ளும்படி எழுதினாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்று மணி.

"ஓட்டும்மா" என்றார் மேனேஜர்.

"ஒரே ஒரு ஆளை வச்சுச் சோதிச்சுடறேன் சார்."

"நேரம் இல்லைம்மா."

"சோதிக்காம ஓட்டித்தான் சார் இங்க வந்து நிக்கறோம்" என்றாள். மேனேஜரிடம் அவள் இப்படிப் பேசுவது முதல் தடவை. பேசிவிட்டு அவளே திகைத்தாள்.

வரிசையில் முதலில் நின்ற 383. சமத்து படிவத்தை நிரப்பியது, அழுத்தியது, நின்றது. மேலே வேறு யாருடைய பட்டையோ பச்சையாக நின்றது. மூவரும் அம்பையே பார்த்தார்கள். அது அசையவில்லை. பழைய பட்டை மறைந்தது. அம்பு அசையவில்லை. வெறும் வெள்ளைத் திரை. 'பதிவு எண் 383 சேர்க்கப்பட்டது' என்று விழுந்தது. அதன் பிறகுதான் அம்பு துள்ளியது.

"அட, சமத்தே" என்றாள் மின்னல்.

பட்டியலைத் திறந்து, 383 உண்மையிலேயே உள்ளே இருப்பதை அவள் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர்களை ஓட விட்டாள். அப்போது மூன்று ஒன்பது. மீதி அறுபத்தாறு பேர். இந்த மந்தத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம். நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். நான்கு பதினைந்து.

"பத்தாது" என்றாள்.

மின்னல் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "உன் சமத்து மேலயிருந்து வரட்டும். நான் கீழயிருந்து வரேன். நடுவுல எங்க சந்திக்கிறோம்னு பாப்போம். தோத்தா உன் சமத்து எனக்கு டீ வாங்கித் தரணும்."

"உனக்கு ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றாள் மின்னல், மேனேஜர் குரலில். மேனேஜர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அப்புறம் அந்த அறையில் நடந்தது ஒரு பந்தயம். ஒரு பக்கம் யாரும் தொடாத மவுஸ். மறுபக்கம் மின்னலின் பத்து விரல். அவள் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, தாளில் மேலிருந்தும் கீழிருந்தும் அடித்துக்கொண்டே வந்தாள். 'நான் ஒண்ணு போடறேன்' என்று மேனேஜரும் மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஓர் ஆள்காட்டி விரலால் 577-ஐப் பிடித்தார். பெயரை முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. "இந்த எழுத்தையெல்லாம் எவன் இப்படி இடம் மாத்தி வச்சான்" என்று விசைப்பலகையைத் திட்டிக்கொண்டே அடித்தார்.

"நானூத்தி எழுபத்திரெண்டு."

"இங்க அறுநூத்தி ஒண்ணு. பாத்தியா, வரேன்."

"நானூத்தி எழுபத்தஞ்சு. அழுத்திட்டு நிக்குது."

"நிக்கட்டும். நல்லா நிக்கக் கத்துக்கிச்சு இப்ப."

மூன்றரைக்கு ஒரு தடவை சமத்து நாற்பது விநாடிக்கு மேல் அசையாமல் நின்றது. அவளுடைய கை மவுஸை நோக்கி நீண்டது. தொட்டால் வரிசையே குலைந்துவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பட்டை விழுந்தது. அது தன்னுடைய பட்டைக்காகத்தான் நின்றது. சந்தேகப்பட்டவள் அவள்தான்.

மூன்று நாற்பத்தைந்துக்குத் தாளில் பதினைந்து எண்கள் மிச்சம். ஐம்பதுக்கு எட்டு.

"உங்க மாமா என் பக்கமா, உன் பக்கமா?" என்று திரும்பாமலே கேட்டாள் மின்னல்.

"என் பக்கம்தான். நீ ஐநூத்தி அறுபத்தாறை முடி."

மாமாவை முன்னாலேயே தனியாகப் போட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அந்த எண்ணம் இரண்டு தடவை வந்தது; இரண்டு தடவையும் அதைத் தள்ளினாள். வரிசையை ஒருமுறை கலைத்தால் எங்கே விட்டோம் என்று தேடவே நேரம் போய்விடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது நியாயமா, பயமா என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அம்பு 559 என்று தட்டியது. மாமாவின் பெயர் எழுத்தெழுத்தாக நீலத் திரையிலிருந்து வெள்ளைத் திரைக்கு வந்தது. வலது கண். செவ்வாய்க்கிழமை. 'சேமி.' மேலே முந்தின ஆளின் பச்சை நின்றது. போனது. வெள்ளை. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

'பதிவு எண் 559 சேர்க்கப்பட்டது.'

பத்து விநாடியில் அவள் போன் அடித்தது.

"மருமகளே, வந்துருச்சு. செவ்வாய்க்கிழமை காலையில ஏழரைன்னு போட்டிருக்கான். வந்துருச்சு."

"மாமா, இன்னும் நாலு பேர் இருக்காங்க. வைங்க" என்று சொல்லித் துண்டித்தாள். பெரியவர்களின் பேச்சை அவள் பாதியில் துண்டித்ததே கிடையாது.

மூன்று. இரண்டு. மின்னல் ஒன்றை முடித்து நாற்காலியோடு பின்னால் உருண்டாள். "என் பக்கம் காலி." கடைசி எண் 563, யாரோ ஒரு பெண்மணி, எழுபத்தொரு வயது, இடது கண். அவரை அந்த அறையில் யாருக்கும் தெரியாது. மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அம்பு அழுத்திவிட்டு நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தாறு. பழைய பச்சை போக மறுத்தது. "போயேன், போயேன்" என்று மின்னல் அதனிடம் கெஞ்சினாள். போனது. வந்தது.

அவள் மொத்த எண்ணிக்கையைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. 640. மூடித் திரும்பத் திறந்தாள். யாரும் சிரிக்கவில்லை, மற்ற இருவரும் குனிந்து அவளோடு சேர்ந்து இரண்டாவது தடவை பார்த்தார்கள். 640.

நான்கு மணிக்குப் புதிய சாஃப்ட்வேரின் வாசல் திறந்தது. காலித் தேதிகள் திரையில் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. செவ்வாய்க்கிழமையில் தொட இடமில்லை.

"ஆமா, யார் ஜெயிச்சது?" என்று கேட்டாள் மின்னல், விரல்களைச் சொடுக்கிக்கொண்டே.

"சார்தான். ரெண்டு பேரைப் போட்டிருக்காரு. விரலுக்கு ரெண்டுன்னு கணக்குப் போட்டா அவர்தான் முதல்."

மேனேஜர் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

அவள் படிக்கட்டுக்கு வந்து மாமாவைக் கூப்பிட்டாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"மாமா, மதியம் உங்ககிட்ட ஏறிடுச்சுன்னு சொன்னேன்ல. அப்ப ஏறலை. தப்பாச் சொல்லிட்டேன். பச்சை விழுந்தது உங்களுக்கு முன்னாடி இருந்தவருக்கு. நான் யாருதுன்னு பாக்காம வண்டியை எடுத்துட்டேன்."

மறுமுனையில் ஒரு பஸ் டிப்போவுக்குள் நுழைகிற சத்தம். மாமா அதன் எண்ணைக் குறித்திருக்க வேண்டும். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

"முன் பஸ்ஸோட விசிலா?"

"அதேதான் மாமா."

"நல்ல வேளை. இனி வீட்டுல என் கதையை நிறுத்திட்டு உன் கதையை எடுப்பாங்க." சிரிப்பு அடங்கியது. "சரி, கீழ விட்டவங்களையெல்லாம் ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன் மாமா. அறுபத்தொம்போது பேரையும்."

"எண்ணிப் பாத்தியா?"

"ரெண்டு தடவை" என்றாள் அவள்.